வலது மேல் மூலையில் அப்பா

1

எங்கள் அப்பா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். ஆற்காட்டிலிருந்து இன்னாசி மாமா போன். அப்பாவின் பெரியப்பா மகளைக் கட்டியவர். வருடத்துக்கு ஒரு தரம்கூட எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை.

"ஜெனி, தைரியமா இரும்மா. பெரிய பொண்ணு நீதான். அம்மாவை நீதான் பாத்துக்கணும்."

"என்ன மாமா ஆச்சு?"

"இன்னா ஆச்சுன்னு நீதாம்மா சொல்லணும். முத்து எப்போ..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு கை மண்ணு போடவாவது வந்திருப்போம்ல."

முத்து என்றால் சவரிமுத்து. என் அப்பா. அன்று விடிகாலை நாலரைக்கு என் சார்ஜர் ஒயரில் கால் தடுக்கி, என்னைத் திட்டிவிட்டு, பொம்மசந்திராவுக்கு முதல் ஷிப்டுக்குப் போன மனிதர். லேத் மெஷினில் வேலை. லேத் என்றால் சட்டைக் கை மாட்டினால் போதும்.

மாமாவுக்கு முதலில் தெரிந்து எனக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். கம்பெனியில் யாரோ பழைய போன் நம்பருக்கு, ஆற்காட்டு விலாசத்துக்குச் சொல்லிவிட்டார்கள், அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள், நான் இங்கே ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவின் போனை வைத்துவிட்டு அப்பாவுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஷிப்ட் நேரத்தில் போன் லாக்கருக்குள் போய்விடும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு தடவை அடித்தேன். அம்மாவுக்கு அடித்தேன். அவள் தைக்க வந்த ஜாக்கெட் துணிகளுக்கு அடியில் போனை வைத்துவிட்டு மெஷின் ஓட்டுகிறவள், எடுக்கவில்லை. கடைசியில் கம்பெனி கேட் நம்பருக்கு அடித்து, செக்யூரிட்டியிடம் பாதி இந்தி, பாதி கன்னடத்தில் கெஞ்சினேன். "ஹோல்ட் மாடி" என்றார். ஹோல்ட் பண்ணுங்கள் என்று அர்த்தம். பண்ணினேன். மாடிப்படியில் உட்கார்ந்து பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் எந்தெந்த சாமியிடம் என்னென்ன பேரம் பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

"இன்னாடி?" என்றது அப்பாவின் குரல். "மிஷினை நிறுத்திட்டு வந்துகீறேன். சீக்கிரம் சொல்லு."

"சாப்டியாப்பா?"

"இதைக் கேக்கவா கூப்ட?"

வைத்துவிட்டார். அழுது முடித்து, மூஞ்சி கழுவி, மாமாவைத் திரும்பக் கூப்பிட்டேன். நல்ல வார்த்தையில் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் நான் கத்துவதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இந்தக் கார்டு இன்னா ஜெனி?" என்று வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார்.

எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கார்டு. நானே போஸ்ட் பண்ணியது. அம்மா, தங்கச்சி ஷெரின், நான், மூன்று பேரும் ஒரே சிவப்புத் துணியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். வலது மேல் மூலையில், ஓரமெல்லாம் மேகம் மாதிரி கலைந்துபோன ஒரு முட்டை வட்டத்துக்குள், சிரிக்காமல், தனியாக, அப்பா. முட்டை வட்டத்தைச் சுற்றித் தங்கக் கலர் மினுமினுப்பு. கீழே இரண்டு மெழுகுவத்தி எரிகிறது.

நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெங்களூர் நீலசந்திராவில் இருக்கிறோம். ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம், ஓசூரில் டிராஃபிக் இல்லாவிட்டால். ஆனாலும் பதினாறு வருடமாக அப்பாவின் ஆதாரில் ஆற்காட்டு விலாசம்தான் இருக்கிறது. மாற்றப் போனால் வாடகைப் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் கேட்டால் ஓனர் "நோடோணா" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே தெருவில் நாங்கள் "தமிழ்னவரு". ஆற்காட்டுக்கு வந்தால் ஊர்க்காரர்கள் நீங்கள் "பெங்களூர்க்காரங்க வந்துட்டாங்கப்பா" என்கிறீர்கள். நான் எட்டு வயதில் வந்தவள், எனக்காவது இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டும். ஷெரின் இங்கேயே பிறந்தவள். கன்னடமும் இந்தியும் ஸ்கூலில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள்.

கார்டு அனுப்புவது அம்மாவின் வேலை. வந்த முதல் வருடம் இந்தத் தெருவில் எங்களை ஒரு நாய்க்கும் தெரியாது. அப்போது அம்மா கமர்ஷியல் ஸ்ட்ரீட் வரை நடந்துபோய்க் கார்டு வாங்கி வந்து, ஊரில் ஞாபகம் வந்த எல்லோருக்கும் போட்டாள். பதிலுக்கு ஏழு கார்டு வந்தது. தபால்காரர் எங்கள் வீட்டு நம்பரைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றதை அம்மா இன்னும் சொல்வாள். ஏழையும் நூலில் கோத்து ஜன்னலில் கட்டினாள். இப்போதெல்லாம் பதிலுக்கு வாட்ஸப்பில் சிறகடிக்கிற சம்மனசு, தேவதூதர் படம், வருகிறது. அம்மா விடவில்லை. வருடம் தவறாமல் நாற்பது சொச்சம் கார்டு. வருடா வருடம் ஸ்டாம்ப் ஒட்டுகிறவள் நான். நாக்கு வறண்டுபோகும்.

இந்த வருடம் கெட்ட நேரம் என் வழியாக வந்தது. எங்கள் ஆபீஸில் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் திரும்பி வந்த கடிதங்களைப் பார்க்கிற வேலை. ஆள் வீடு மாறிவிட்டான், செத்துவிட்டான், கதவைத் திறக்கவில்லை, இப்படிக் காரணம் காரணமாகப் பிரித்து ஏற்ற வேண்டும். அங்கிருக்கும் மேனேஜரம்மா டிசம்பரில் குடும்பப் படம் போட்ட கார்டு ஒன்றை எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவாள். புருஷன், மூன்று பிள்ளைகள், நாய், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்வெட்டர். அதை அம்மாவிடம் காட்டித் தொலைத்தேன்.

"நாய் கூட அதே துணி போட்டுகீது பாரேன்," என்றாள் அம்மா. அடுத்த நாள் சிவாஜி நகர் போய் சிவப்புத் துணி எடுத்துவிட்டாள். எங்களுக்குச் சுடிதார், அவளுக்கு ஜாக்கெட், அப்பாவுக்குச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டூடியோ.

சனிக்கிழமை சாயந்திரம் லிஸ்ட் போட உட்கார்ந்தோம். அம்மா பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவில், குரலை மாற்றாமல், "பிலோமினா அண்ணி" என்றாள்.

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பேரு எதுக்கு?"

"ஆறு வருசம் ஆச்சு. ஒரு கார்டுதானே."

"அவ பேரு இருந்தா நான் படத்துல நிக்கல."

"எழுதலப்பா, பாரு, அடிச்சிட்டேன்," என்று நான் கோடு போட்டுக் காட்டினேன். ஆனாலும் மறுநாள் காலையில் ஓ.டி. என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனார். ஓ.டி. இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தைத்த சட்டை ஹேங்கரிலேயே தொங்கியது.

3

பிலோமினா அத்தை அப்பாவின் அக்கா. பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பாவுக்கு மூன்று வயதில் அவர்களுடைய அம்மா போய்விட, அத்தைதான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு அப்பாவுக்குச் சோறு ஊட்டி, டவுசர் மாட்டி வளர்த்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசினால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆறு வருடம் முன்னால் அத்தை வீட்டு மாமா திடீரென்று போய்விட்டார். காலையில் செய்தி வந்தது. அப்பா அப்போது கான்ட்ராக்டில் இருந்தார். பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று அந்த மாதம்தான் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் லீவு தரவில்லை. "மாமன்தானே, அப்பா இல்லையே" என்றாராம். அப்பா இரண்டாம் ஷிப்டை முடித்துவிட்டு ராத்திரி என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் போய்ச் சேரும்போது கல்லறையில் மண் மூடி மறுநாள் ஆகிவிட்டது.

இது வெறும் லேட் இல்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிப் புடவை வரவேண்டும். கூடப்பிறந்தவன்தான் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அத்தைக்குப் பிறந்த வீடு என்றால் அப்பா ஒருத்தர்தான். சவப்பெட்டியைத் தூக்கும் நேரம் வரை "பொறந்த வூட்டுக் கோடி எங்க, பொறந்த வூட்டுக் கோடி எங்க" என்று ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்து ஒன்று வாங்கிவந்து போர்த்தியிருக்கிறார்.

அப்பா வாசலில் நின்றார். கையில் புடவைப் பை. அத்தை எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அங்கே இருந்த எல்லோரும் கேட்கும்படி, "எனக்குத் தம்பி இல்ல. தம்பி செத்துட்டான். யாரோ வந்துகீறாரு, தண்ணி குடுத்து அனுப்புங்க," என்றார்.

அப்பா தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அதற்குப் பிறகு இருவரும் பேசவே இல்லை.

4

ஸ்டூடியோ பாய் எங்கள் மூன்று பேரைப் படம் எடுத்துவிட்டு, "சாப் எங்கே?" என்று கேட்டார்.

"டியூட்டி," என்றாள் அம்மா. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஏதாவது செய்ய முயன்றிருப்பீர்கள்.

"டென்ஷன் நக்கோ மா. பாஸ்போர்ட் ஃபோட்டோ குடுங்க. நான் செட் பண்றேன். ஃபேமிலி ஃபுல்லா வந்துடும்."

திங்கட்கிழமை எனக்கு மாதிரிப் படம் அனுப்பினார். நான் மீட்டிங்கில் இருந்தேன். மேசைக்கு அடியில் போனை வைத்துப் பார்த்தேன். "சாப் மேலே ஏன் பாய்?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் பெரியவர், மேலேதான் வைக்கணும்" என்று பதில் வந்தது. "சூப்பர் பாய், பிரின்ட் போடுங்க" என்று அடித்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மெழுகுவத்தி பாய் தன் இஷ்டத்துக்குப் போட்டது. கிறிஸ்துமஸ் என்றால் மெழுகுவத்தி என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவர் மேல் தப்பில்லை.

கார்டு வந்ததும் ஷெரின், "அப்பா மட்டும் டல்லா இருக்காரு, ரெட் டிரஸ்ஸும் இல்ல" என்று சொல்லி, கிளிட்டர் ட்யூபை எடுத்து, ஒரு கார்டு விடாமல் முட்டை வட்டத்தைச் சுற்றிப் பிழிந்துவிட்டாள். சீரியல் லைட் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அம்மா, "அழகா கீதுடி" என்றாள். அப்பா கோபம் தணியாமல், படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பின்பக்கம் வரிசையாக, யார் போட்டது என்றே தெரியாத தன் கிறுக்கல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எப்படி உங்களுக்குத் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்து ரசம் குடிக்கிற ஆளைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள். அதில் சாவு தெரியாது. ரசம் குடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

போஸ்ட் ஆபீசில் கார்டுக் கட்டை வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண்மணி மேலே இருந்த உறையைப் பார்த்தார். அம்மா சொன்னபடி எல்லா விலாசமும் தமிழில்.

"தமிழல்லி பரெதித்ரெ இல்லி யாரு ஓதுத்தாரம்மா?" என்றார். தமிழில் எழுதினால் இங்கே யார் படிப்பது. நியாயமான கேள்வி. பின் கோடும் ஊரும் மாநிலமும் இங்கிலீஷில் வேண்டும் என்று பேனாவையும் அவரே கொடுத்தார். அமெரிக்காவில் எந்தத் தெருவுக்கு என்ன நம்பர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆற்காட்டுக்குப் பின் கோடு என்ன என்று கூகுளில் தேடினேன். பிறந்த ஊர். அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது தடவை தமிழ்நாடு தமிழ்நாடு என்று இங்கிலீஷில் எழுதினேன். கடைசியில் எழுத்தெல்லாம் வரிசை வரிசையாக எறும்பு மாதிரி தெரிந்தது.

கட்டின் நடுவில் நான் லிஸ்டில் அடித்த பெயரில் ஒரு உறை இருந்தது. அம்மா எழுதியது. அனுப்புநர் விலாசம் இல்லை. காலையில் கட்டைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்: "அதுல மட்டும் ஃப்ரம் அட்ரஸ் போடாத. அண்ணி வாங்காம திருப்பி அனுப்பிட்டா உங்கப்பா கையில கெடைக்கும்."

திரும்பி வந்த கடிதங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அதிலும் தமிழ்நாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அரை நாள் லீவு போட வேண்டும். ஆபீஸ் சிஸ்டத்தில் காரணம் தேர்ந்தெடுக்காமல் நகராது. நெருங்கிய உறவினர் மரணம் என்று ஒன்று இருக்கிறது. மரணம் நடக்கவில்லை, அதை நாற்பது வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒன்றும் இல்லை. வயிற்றுவலி என்று போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மாதாவே," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு லிஸ்டை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம். ஷெரின் போனில் ஆரம்பித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ஹலோ ஆன்ட்டி, எங்க அப்பா இன்னும் சாகல."

"நல்லா இருக்கீங்களான்னு முதல்ல கேளுடி!"

"ஹலோ ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? எங்க அப்பா இன்னும் சாகல."

சில பேர் அழுதார்கள். சில பேர் "ஆயுசு கெட்டி" என்று சிரித்தார்கள். ராணிப்பேட்டை சின்னம்மா ஒருத்தர், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன பிறகும், "அது சரி, துக்கம் நடந்த வூட்லருந்து மொத வருசம் ஸ்டார் கூட கட்ட மாட்டாங்க, கார்டு அனுப்பறீங்களே, பெங்களூர் போனா எல்லாம் மறந்துபூடுமா?" என்று கால் மணி நேரம் திட்டினார். நடக்காத துக்கத்தைச் சரியாக அனுஷ்டிக்காத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

இன்னாசி மாமா அதற்குள் கோயிலுக்கே போய்விட்டிருந்தார். எனக்குப் போன் போடும் முன்பே கோயில் உபதேசியாரிடம் அப்பா பெயரில் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம், சனிக்கிழமை சாயந்திரம்.

"அடிச்சிட சொல்லுங்க மாமா!"

"குடுத்த பூசையை வேஸ்ட் பண்ணக்கூடாது பாரு. நன்றிப் பூசைன்னு மாத்திட்டேன். முத்து உயிரோட கீறதுக்கு நன்றி."

"மாமா, அத்தைக்கு விஷயம் போயிடுச்சா?"

"கார்டு வந்திருக்கும்மா. எனக்குக் குடுத்த தபால்காரர்தான் அந்தத் தெருவுக்கும் போவாரு. மத்யானத்துலருந்து கதவைச் சாத்திகினு கீறாங்கன்னு சொன்னாங்க. நான் போயி இன்னா சொல்றது? உங்கப்பன் பேசவேண்டியதை நான் பேசினா நல்லா இருக்காது."

நாலு மணிக்கு அப்பா வந்தார். அம்மா எதையும் மறைக்கவில்லை. கார்டைக் காட்டினாள், அத்தைக்கும் அனுப்பியதைச் சொன்னாள், அத்தை கதவைச் சாத்திக்கொண்டிருப்பதையும் சொன்னாள். அப்பா கார்டைக் கையில் வாங்கித் தன் படத்தைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நானும் ஷெரினும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

"அவளுக்கு நான் செத்து ஆறு வருசம் ஆச்சு," என்றார். "புதுசா இன்னா அழப்போறா?"

போய்க் கை கால் கழுவினார்.

அம்மாவின் போனில் அத்தை நம்பர் "ஜாக்கெட் கஸ்டமர்" என்ற பெயரில் இருந்தது. நான் அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை, அதை மட்டும் கவனித்தேன்.

"ஹலோ."

"அத்தை, நான் ஜெனி, பெங்களூர்லருந்து..."

"தெரியுது." கடையில் சாமான் சொல்கிற மாதிரி தட்டையான குரல். "பதினோரு மணிக்கு வந்துச்சு கார்டு. இப்போ மணி அஞ்சு. யாராவது போன் போடுவீங்கன்னு உக்காந்துகினு கீறேன். அவ்ளோ வேண்டாதவளாடி நானு? தபால்ல சொல்ற அளவுக்கு?"

"அத்தை, அப்பா நல்லா இருக்காரு. அந்தப் படம் தப்பா பிரின்ட் ஆயிடுச்சு."

"எனக்கு பிரஷர் கீதுன்னு மறைக்க யாராவது சொன்னாங்களா? வேணாம். நேரா சொல்லு, தாங்குவேன்."

"சத்தியமா அத்தை. இங்கதான் உக்காந்திருக்காரு."

"குடு அவன்கிட்ட."

போனை நீட்டினேன். அப்பா துண்டை நான்காக மடித்தார். திரும்பப் பிரித்தார். வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, பேசுப்பா."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா," என்றார் அத்தை. அந்தத் தட்டைக் குரல் நடுவில் உடைந்துவிட்டது. "இருந்தா பேசமாட்டானா?"

ஆறு வருடமாக அப்பா அத்தையோடு பேசவில்லை. அது ரோஷம் என்று எல்லோருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு அதே மௌனம் சாவு ஆகிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஆற்காட்டில் ஒரு வீட்டில் அவர் நிஜமாகவே செத்துப்போவார். அது அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"ஒண்ணு பேசுங்க. இல்ல செத்துடுங்க. ரெண்டுல எதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க."

அப்பா என் அம்மாவை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினார்.

"நீதானக்கா சொன்ன," என்றார். சின்னப் பையன் மாதிரி இருந்தது. "தம்பி செத்துட்டான்னு."

நான் லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"சொன்னேன்டா," என்றார் அத்தை. "அதுக்குன்னு படம் போட்டு அனுப்புவியா?"

முதலில் சிரித்தது ஷெரின். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தை சிரிக்கவில்லை. திட்ட ஆரம்பித்தார். கோடிப் புடவையில் ஆரம்பித்து, டவுசர் போட்ட காலம் வரை பின்னால் போய், திரும்ப வந்தார். அப்பா நடுவில் ஒரே ஒரு தடவை, "லீவு குடுக்கலக்கா" என்றார். அது தப்பாகப் போய்விட்டது.

"லீவு! மாமனை மண்ணுல வெக்கறதுக்கு லீவு குடுக்கல! நீயும் வாய மூடிகினு நின்ன!"

பேச்சை மாற்ற நினைத்து நான் நடுவில் புகுந்தேன். "அத்தை, இன்னாசி மாமா நாளைக்கு சாயந்திரம் அப்பாவுக்கு நன்றிப் பூசை குடுத்திருக்காரு."

"அப்படியா. கேளு உங்கப்பனை. அதுக்காவது வருவானா, இல்ல அதுக்கும் லீவு கெடைக்காதா?"

6

வருடக் கடைசி. லோடு அனுப்புகிற நேரம். அந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை அப்பாவே சொல்லியிருந்தார். அத்தை போனை வைத்ததும் அப்பா சூப்பர்வைசருக்கு அடித்தார். பழைய ஆள்தான். மாமனா அப்பாவா என்று கணக்குப் பார்த்தவர்.

"சார், நாளெ பரல்ல," என்றார் அப்பா. நாளைக்கு வரமாட்டேன். கேட்கவில்லை, சொன்னார்.

அந்தப் பக்கம் ஏதோ நீளமாக ஓடியது. "யாக்கப்பா?" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஏனப்பா என்று.

"ஊரல்லி பூஜெ இதெ சார்."

"யார்து?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நன்னதே சார்," என்றார். என்னுடையதுதான்.

சனிக்கிழமை விடிகாலை பஸ் ஏறினார். நாங்களும் வருகிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார். அம்மா அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "பூசைக்கு இதையா?" என்று முணுமுணுத்தார், ஆனால் போட்டுக்கொண்டுதான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் திரும்பி வந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். பையில் பலகாரம், கிலகாரம் ஒன்றும் இல்லை. பஸ் பயணத்தில் பிடித்துக்கொண்ட முதுகோடு கட்டிலில் பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்தார்.

"அத்தை என்னப்பா சொன்னாங்க?" என்றேன்.

"திட்டினா."

"ரெண்டு நாளுமா?"

"பூசையில மட்டும் சும்மா இருந்தா. சாமியார் என் பேரைப் படிச்சப்போ கையைப் புடிச்சிகினா. பூசை முடிஞ்சி படி எறங்கறதுக்குள்ள மறுபடியும் ஆரம்பிச்சிட்டா."

"அப்புறம்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. ஜன்னலுக்கு வெளிய நின்னுகினு திட்டினா. பஸ் கெளம்பிடுச்சு."

அம்மா எழுந்து சோறு போடப் போனாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் லைட்டை அணைக்கப் போனேன்.

"ஜெனி, ஒரு லெட்டர் எழுது. இங்கிலீஷ்ல. பிப்ரவரியில அத்தை வூட்டு மாமாவுக்கு வருசப் பூசை. ரெண்டு நாள் வேணும். இப்பவே குடுத்து வெச்சிடறேன்."

பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டு, ஃப்ரம், சப்ஜெக்ட் எல்லாம் போட்டாயிற்று. "காரணம் என்னன்னு போடறதுப்பா? பூசைன்னா? இல்ல ரிலேட்டிவ் டெத் ஆனிவர்சரின்னா?"

"அதெல்லாம் வேணாம்," என்றார், கண்ணைத் திறக்காமல். "அக்கா வூட்டுக்குப் போவணும்னு எழுது."